மலை மேலே ஒரு மில்லிமீட்டர் உலகம்!

சேலத்துல ஏற்காடு பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடிச்சாச்சா? குட். இப்ப கையை மட்டும் லேசா ஜன்னல் பக்கம் வெச்சுக்குங்க. அடிவாரத்துல முகத்துல அடிக்கிறது ஹேர் டிரையர் காத்து. நாலஞ்சு கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் அது ஃபேன் காத்து ஆகும். 20-வது வளைவைத் தாண்டும்போது ‘ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்திருக்கலாமோ’னு தோணும். இது சும்மா ஃபீலிங் இல்லை, கணக்கு. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, ஒரு மணி நேர பஸ் பயணத்துல எட்டு டிகிரியைக் கழிச்சுட்டீங்க. இந்த எட்டை ஞாபகம் வெச்சுக்குங்க. அப்புறம் ஒரு குட்டிச் செடி சாகுறதா பிழைக்கிறதான்னு முடிவு பண்ணப் போறது இதுதான்.

ஏற்காடு டூர்னா நம்ம பசங்க ரூட் தெரிஞ்சதே. ஏரியில போட்டிங், லேடீஸ் சீட்ல குரூப் போட்டோ, பகோடா பாயின்ட்ல கத்தி எக்கோ கேக்கிறது, நடுவுல சூடா மிளகாய் பஜ்ஜி. தப்பில்லை. ஆனா, அதே ஊர்ல இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ல ஆரம்பிச்ச தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கு. ‘ஆர்க்கிட்டா? கல்யாண மேடையில ஊதா கலர்ல செருகி வெப்பாங்களே, அதுதானே?’னு கேட்டுட்டு பாதிப் பேர் கேட்டோட திரும்பிடுறாங்க. மேடையில செருகுறது பண்ணையில வளர்ற கலப்பினம். அது வேற ஜாதி, வேற கதை. நாம பாக்கப் போறது, பூத்திருந்தாலும் பூத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாத ரகம்.

அதனால முதல்ல ஒரு லென்ஸ் வேணும். பாட்டனி லேப்ல பத்து மடங்கு பெரிசாக் காட்டுற கை லென்ஸ் இருக்குமே, அது போதும். செல்போன் கேமராவுல மேக்ரோ இருந்தா அதுவும் ஓகே.

‘ஒபரோனியா’ன்னு ஒரு வகை. இலைகள் எல்லாம் ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டு, தட்டையா, விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். யாரோ பச்சை ரிப்பனை ஜடை பின்னித் தொங்கவிட்ட மாதிரி. அதுல இருந்து எலி வால் கணக்கா ஒரு காம்பு தொங்கும். ‘சரி, விதை போல’ன்னு நகர்ந்துடாதீங்க. லென்ஸை வெச்சுக் கிட்டப் போங்க. அந்த எலி வால்ல வரிசை வரிசையா, வளையம் வளையமா நூத்துக்கணக்கான பூக்கள்! ஒவ்வொண்ணும் ஒண்ணுல இருந்து மூணு மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளயும் மூணு புறஇதழ், ரெண்டு அகஇதழ், ஆர்க்கிட்டுக்கே உரிய அந்த விசேஷ உதடு இதழ்னு எல்லா ஃபிட்டிங்ஸும் பக்கா. கடுகுல செதுக்கின சிற்பம்னு சொன்னா பழைய உவமையாத் தெரியும். ஆனா, அளவு சரியா கடுகுதான், என்ன பண்றது?

இதெல்லாம் மரத்து மேல வளர்ற செடிகள். ‘ஓ, புல்லுருவி!’ன்னு உடனே முடிவு கட்டாதீங்க. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை இறக்கி, மரத்தோட சாறை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிப் பண்ணாது. ரூமை மட்டும் எடுத்துக்கிட்டு, சமையலைத் தனியாப் பாத்துக்கிற பேச்சிலர் அது. ஹவுஸ் ஓனர் அடுப்படிப் பக்கமே போகாது. தண்ணிக்கு மழையும் பனிமூட்டமும். சாப்பாட்டுக்கு மட்டையில சேர்ற தூசு, மக்கின இலை, பறவை எச்சம். அவ்வளவுதான் மெஸ் மெனு.

மண்ணே இல்லாம தண்ணியை எப்படிப் பிடிச்சு வெக்குது? வேரைப் பாருங்க. சுத்தியும் செத்துப்போன செல்களால ஆன ஒரு பஞ்சு உறை இருக்கும். மழைத்துளி பட்டதும் ஒத்துத்தாள் மாதிரி சட்டுனு இழுத்துக்கும். காஞ்சிருந்தா வெள்ளி நிறம், நனைஞ்சா பச்சை. இதை நல்லாப் பாத்து வெச்சுக்குங்க. பிற்காலத்துல நீங்க ஆர்க்கிட் வளர்த்தா, ‘தண்ணி ஊத்தலாமா, வேணாமா’ன்னு வேற யாரையும் கேக்க வேண்டாம், வேரே சொல்லிடும். சில ரகங்களுக்குத் தண்டே உருண்டு திரண்டு குட்டித் தண்ணித் தொட்டியா இருக்கும். ‘போர்பாக்ஸ்’னு ஒரு வகை இருக்கு. அதோட தண்டு சட்டைப் பொத்தானை மரப்பட்டையில ஒட்டவெச்ச மாதிரி தட்டையா, மேலே வலை போட்ட உறையோட இருக்கும். கோடையில இலையைக் கொட்டிட்டு வெறும் பொத்தானா மட்டும் உட்கார்ந்திருக்கும். தெரியாதவங்க ஏதோ பூச்சிக்கூடுன்னு சுரண்டிடுவாங்க.

அப்புறம் ‘பல்போஃபில்லம்’. உலகம் முழுக்க சுமார் ரெண்டாயிரம் இனம் இருக்கிற மகா கூட்டுக்குடும்பம். இதுல பல இனங்கள்ல உதடு இதழ் ஒரு கீல் மேல நிக்கும். நீங்க மூச்சு விட்டாலே ஆடும். மகரந்தம் சுமக்க இது பெரும்பாலும் கூப்பிடுறது ஈக்களை. அதனால சில பூ மணக்காது, நாறும். ரோஜா மாதிரி நினைச்சுக்கிட்டு மூக்கைக் கொண்டுபோய் வெச்சீங்கன்னா அனுபவிப்பீங்க!

ஏற்காட்டோட நிறுத்திக்கிட்டா இது இன்டர்வெல் வரைக்கும் பாத்த படம்தான். 1,500 மீட்டர் குளிர் பத்தாத கும்பல் ஒண்ணு இருக்கு. அதுக்காக இன்னொரு வாரக்கடைசியில கொடைக்கானல் போகணும். வத்தலக்குண்டு தாண்டி மலையேற ஆரம்பிச்சா 2,100 மீட்டர் வரை போறீங்க. டிசம்பர், ஜனவரி ராத்திரியில 10 டிகிரிக்குக் கீழே சர்வ சாதாரணமா இறங்கும். ஏற்காட்டைவிட இன்னும் நாலு டிகிரி கழிச்சல்.

இங்கேதான் சோலைக்காடு. பேரைக் கேட்டு பார்க் மாதிரி கற்பனை பண்ணாதீங்க. மலையோட மடிப்புகள்ல, தண்ணி இறங்குற பள்ளங்கள்ல மட்டும் நெருக்கமா நிக்கிற குட்டை மரங்கள். கிளையெல்லாம் முறுக்கிக்கிட்டு, உடம்பு பூரா பாசியை ஜமுக்காளம் மாதிரி போத்திக்கிட்டு நிக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பனிமூட்டம் உள்ளே வரும். மழையே பெய்யாது, ஆனா இலை நுனியெல்லாம் சொட்டும். இந்தச் சொட்டுதான் நம்ம ஆளுங்களுக்கு டிபன். பழனி மலைக்கு இன்னொரு வசதி, ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழையும் நல்லாக் கிடைக்கும். அதனால வறட்சிக் காலம் சின்னதாப் போகுது.

ஒரு மரத்தை ஹாஸ்டல் கட்டடம்னு வெச்சுக்குங்க. கிரவுண்ட் ஃப்ளோர்ல இருட்டு, ஈரம், பாசி. அங்கே பெரணிகளும், நிழல் விரும்புற ஆர்க்கிட்டும். நடு மாடியில, கிளை பிரியிற கவட்டையில, மக்கின இலை சேருமில்லையா, அங்கே பல்போஃபில்லம் கும்பல். மொட்டைமாடியில, விரல் தடிமன் கிளையில, வெயிலும் காத்தும் நேரா அடிக்கிற இடத்துல இன்னும் சின்னதுகள். அது நனையிறதும் வேகம், காயிறதும் வேகம். ஒரே மரம்தான், ஆனா ரெண்டு மாடிக்கு நடுவுல தட்பவெப்பமே மாறிப்போகும். ஆர்க்கிட் வளர்ப்புக்குன்னு தடிதடியாப் புத்தகம் இருக்கு. நான் கேட்டா, செடி எந்த மாடியில குடியிருந்துச்சுன்னு பாத்தாலே முக்கால் புத்தகம் முடிஞ்சுடும்னு சொல்வேன்.

பழைய புத்தகங்கள்ல ‘எரியா நானா’ன்னு ஒரு பேர் பாப்பீங்க. ‘நானா’ன்னா லத்தீன்ல குள்ளம். நீலகிரிச் சோலை மரங்கள்ல பாசியோட பாசியா ஒட்டிக் கிடக்கிற செடி இது. பேர் வெச்சது அஷில் ரிஷார்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1841-ல. அவருக்குச் செடிகளைச் சேகரிச்சுக் கொடுத்தவர் பெரொத்தே. அப்புறம் நம்ம புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைப் பாத்துக்கிட்டவர் இவர்தான். ஊட்டி பொம்மை ரயில்ல போனவங்க கேத்தி ஸ்டேஷனைப் பாத்திருப்பீங்க. அந்த ஊர்ப் பேரிலயே ‘பல்போஃபில்லம் கைட்டியன்ஸே’ன்னு ஒரு ஆர்க்கிட் இருக்கு. ‘சர்ஹூக்கெரா’ன்னு இன்னொண்ணு. ஜோசஃப் ஹூக்கர்ங்கிற தாவரவியலாளர் பேரை, அவரோட ‘சர்’ பட்டத்தையும் சேத்தே செடிக்கு வெச்சுட்டாங்க!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பேர் வேற. ராபர்ட் வைட்னு ஸ்காட்லாந்துக்காரர், மெட்ராஸ் மாகாணத்துல வேலை பாத்தவர். 1838-ல இருந்து 1853 வரைக்கும் தென்னிந்தியத் தாவரங்களைப் பத்தி ரெண்டாயிரத்துக்கும் மேல படங்களோட புத்தகம் போட்டார். நீலகிரி ஆர்க்கிட்கள் அதுல நிறைய. அந்தப் படங்களை வரைஞ்சவங்கள்ல முக்கியமான ரெண்டு பேர் ரங்கையா, கோவிந்து. ரெண்டு பேரும் நம்ம ஊர் ஓவியர்கள். மில்லிமீட்டர் பூவைப் பிரிச்சு வெச்சு, தனித்தனியாப் பெரிசாக்கி வரைஞ்சிருக்காங்க, போட்டோ எடுக்க வழியில்லாத காலத்துல! கோவிந்து பேரால ‘கோவிந்தூயா’ன்னு ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே பேர் வெச்சார் வைட். பின்னால வந்த விஞ்ஞானிகள் அதை வேற பேரினத்தோட சேத்துட்டதால இப்ப அந்தப் பேர் புழக்கத்துல இல்லை. கொஞ்சம் வருத்தம்தான். கொடைக்கானல் பக்கத்துக்கு வந்தா, பழனி மலைத் தாவரங்கள் பத்தி முழு நூல் எழுதின பாதிரியார் கே.எம்.மேத்யூ, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ரபினாட் ஹெர்பேரியத்துல உட்கார்ந்து வேலை பாத்தவர். நூல் வந்தது 1999-ல. திருச்சி மாணவர்களே, காதுல விழுதா?

சரி, விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு அழகைப் பாத்ததும் உங்க மனசு என்ன சொல்லும்னு தெரியும். ‘ஒரு குட்டிச் செடிதானே மச்சி, ஹாஸ்டல் ஜன்னல்ல வெச்சுக்கலாம்!’

ஜன்னல்ல வெச்சா என்ன ஆகும்? செடி பகல்ல வெயிலை வெச்சு சர்க்கரை தயாரிக்கும். ராத்திரி அதுல கொஞ்சத்தைச் சுவாசத்துக்குச் செலவு பண்ணும். குளிர்ந்த ராத்திரின்னா செலவு கம்மி. மே மாசச் சென்னை ராத்திரி 28, 29 டிகிரின்னா செலவு எகிறும். தென்னை மரத்துக்குச் சேமிப்பு உண்டு, சமாளிக்கும். நகத்தளவு செடிக்கு பேங்க் பேலன்ஸே கிடையாது. பகல்ல சம்பாதிச்சதை ராத்திரியே தீத்துடும். முதல் ரெண்டு மாசம் பச்சையா, நல்லாத்தான் இருக்கும். அதுதான் ஏமாத்து வேலை. மூணாவது மாசம் இலை ஒவ்வொண்ணாக் கொட்டும். நீங்க ‘தண்ணி பத்தலை’ன்னு இன்னும் ஊத்துவீங்க. வேர் அழுகிடும். கதை முடிஞ்சது.

அப்ப வளர்க்கவே முடியாதா? முடியும். ஆனா, செடியை வளர்க்கிறதுக்கு முன்னாடி மலையை வளர்க்கணும்!

ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீங்களா? உங்களுக்கு மலை ஃப்ரீ. ஒரு காஞ்ச காபிக் கட்டை, இல்லைன்னா சொரசொரப்பான மாங்கிளைத் துண்டு எடுத்துக்குங்க. பெரிய மரப் பெரணியோட தண்டுல கட்டுவாங்கன்னு படிச்சிருப்பீங்க. வேண்டாம், அதுவே அழிஞ்சுட்டு வர்ற சோலைச் செடி. கட்டை மேல கொஞ்சம் பாசி வெச்சு, செடியைப் பருத்தி நூலால கட்டுங்க. நைலான் கூடாது. பருத்தி நூல் சில மாசத்துல மக்கிப் போகும், அதுக்குள்ள வேர் கட்டையைப் பிடிச்சிருக்கும். வடக்கு, கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். காலையில தண்ணி தெளிங்க, சாயங்காலத்துக்குள்ள இலை காஞ்சுடணும். ராத்திரி முழுக்க இலைக் குருத்துல தண்ணி நின்னா அழுகல் நோய் வரும்.

தண்ணின்னா எந்தத் தண்ணி? மழைத்தண்ணி பெஸ்ட். இல்லாட்டி ஆர்.ஓ. தண்ணி. போர் தண்ணி ஊத்தினீங்கன்னா ஹாஸ்டல் ஹீட்டர்ல படியிற அதே வெள்ளை உப்பு வேரோட பஞ்சு உறையில படியும். உரம் பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல கால்வாசி, அதுவும் மாசத்துக்கு ரெண்டு தடவை. வானத்துல இருந்து விழுறதைச் சாப்பிட்டு வளர்ந்த வயிறு, ஃபுல் மீல்ஸ் தாங்காது. ஓடில்லாத நத்தை மேல ஒரு கண் வெச்சுக்குங்க. ஒரு வருஷம் காத்திருந்து வந்த மொட்டை அது ஒரே ராத்திரியில ஸ்நாக்ஸ் ஆக்கிடும்.

சமவெளிப் பசங்களுக்கு வேலை ஜாஸ்தி. மீன் தொட்டி, அடியில ரெண்டு விரல்கடை தண்ணி, மேல கண்ணாடி மூடி, எல்.இ.டி. விளக்கு பன்னிரண்டு மணி நேரம். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு உள்ளே ஓடியே ஆகணும். ஈரம் மட்டும் இருந்து காத்து ஓடலைன்னா பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். சோலையில பனிமூட்டம் நின்னுக்கிட்டு இருக்காது, நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதைத்தான் நாம காப்பியடிக்கிறோம். இதோட ராத்திரிக் குளிரும் வேணும். ஐஸ் பாட்டில் வெச்சுப் பாக்கிறவங்க உண்டு, விடியிற வரைக்கும் அது தாங்காது. ஏ.சி. ரூம் இல்லாம 2,000 மீட்டர் செடியைச் சென்னையில வளர்க்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வெளிநாடுகள்ல இதுக்காகவே குளிரூட்டின கண்ணாடிப் பெட்டி கட்டி, நியூ கினி மலையோட ‘டென்ட்ரோபியம் கத்பெர்ட்ஸோனி’ மாதிரியான குள்ளர்களை வளர்க்கிறாங்க. நாலு விரல் உயரம் இருக்காது, ஆனா ஒரு பூ மாசக்கணக்குல வாடாம நிக்கும். கரன்ட் பில்லையும் யாரோ கட்டுறாங்க.

செடிக்கு எங்கே போறது? மரத்துல இருந்து மட்டும் கூடாது. காப்புக்காட்டுல ஒரு இலையைப் பறிச்சாலும் சட்டப்படி குற்றம், வெளிநாட்டு வியாபாரத்துல ஆர்க்கிட் குடும்பம் முழுசுக்குமே சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கு. சட்டத்தை விடுங்க. அகத்தியமலைப் பக்கம் ‘பாஃபியோபெடிலம் ட்ரூரை’ன்னு மஞ்சள் பூ பூக்கிற ஒரு தரை ஆர்க்கிட். கர்னல் ட்ரூரி 1865-ல கண்டுபிடிச்சார். அப்புறம் ரொம்ப காலம் யார் கண்ணுலயும் படலை. 1972-ல திரும்பவும் கண்டுபிடிச்சாங்க. சந்தோஷப்படணுமே? இடம் தெரிஞ்சதும் சேகரிக்கிறவங்க மறுபடி கிளம்பிட்டாங்க. இன்னிக்கு அது அழிவின் விளிம்புல இருக்கிற பட்டியல்ல. நூறு வருஷத் தலைமறைவு காப்பாத்தினதை, ஒரு விலாசம் கெடுத்துடுச்சு. அதனாலதான் இந்தக் கட்டுரையில ‘இந்தச் சோலையில, இந்த மரத்துல’ன்னு நான் எதுவும் எழுதலை.

யாராவது சாக்குல போட்டு ஆர்க்கிட் வித்தா வேரைத் திருப்பிப் பாருங்க. வேர் அறுந்து, மரப்பட்டைத் துணுக்கு ஒட்டிக்கிட்டு, இலையில பழைய பூச்சிக்கடி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல இருந்தா அது காட்டுல பிடுங்கினது. லேப்ல விதையில இருந்து வளர்த்தது எல்லாம் ஒரே பேட்ச் யூனிஃபார்ம்ல பளிச்சுனு இருக்கும்.

விதைன்னதும் பயோடெக் பசங்க நிமிர்ந்து உட்காரலாம். ஆர்க்கிட் காய் ஒண்ணுல ஆயிரக்கணக்குல இருந்து லட்சக்கணக்கு வரை விதை இருக்கும். டால்கம் பவுடர் மாதிரி. ஆனா, உள்ளே சாப்பாடு இல்லை. நெல்லுக்குள்ள அரிசி இருக்கே, அது இதுல கிடையாது. சரியான பூஞ்சை வந்து ஊட்டிவிட்டாத்தான் முளைக்கும்னு 1899-ல நோயெல் பெர்னார் கண்டுபிடிச்சார். பூஞ்சைக்குப் பதிலா சர்க்கரை கலந்த ஜெல்லியில முளைக்க வைக்கலாம்னு 1922-ல லூயிஸ் நட்ஸன் காட்டினார். அவர் பேர்ல இருக்கிற மீடியம் இன்னிக்கும் திசு வளர்ப்பு லேப்கள்ல உண்டு. கேரட் திசுவையே எத்தனை வருஷம் ப்ராஜெக்ட்னு காட்டுவீங்க? தோட்டத்துல வளர்ற செடியோட காய்க்கு, துறைத்தலைவர் மூலமா முறையா எழுதிக் கேளுங்க. காட்டுக் காய்க்கு வனத்துறை அனுமதி இல்லாமக் கை வெக்க வேண்டாம். ஃபிளாஸ்க்ல பச்சைப் புள்ளி தெரிய மாசக்கணக்கு ஆகும், பூ பார்க்க வருஷக்கணக்கு. உங்க ஜூனியரோட ஜூனியர் பாப்பான்.

திரும்பி இறங்கும்போது கொடைக்கானல் ரோட்டு ஓரத்துல வாட்டிலும், யூகலிப்டஸும், பைனும் நிக்கிறதைக் கவனிங்க. யூகலிப்டஸ் வருஷா வருஷம் பட்டையை உரிச்சுப் போடும். ஒட்டிக்கிட்டு வாழுற செடிக்கு, சுவரே கழண்டு விழுற வீட்டுல எப்படிக் குடியிருக்க முடியும்? பச்சையாத்தான் தெரியும், ஆனா கிளைகளைப் பாருங்க, காலி. பத்து நிமிஷம் தள்ளி ஒரு சோலைத் துண்டு வரும், அங்கே ஒரே கிளையில நாலு குடும்பம் இருக்கும். 2018-ல குறிஞ்சி பூத்தப்ப ஊரே கிளம்பி வந்துச்சு, அடுத்து 2030-க்கும் வரும். இதுங்க வருஷா வருஷம் பூக்குது, போஸ்டர் அடிக்க ஆள் இல்லை.

போறதுன்னா மழை முடிஞ்ச கையோட, டிசம்பர், ஜனவரியில போங்க. சோலைக்குள்ள போக வனத்துறை அனுமதி வாங்கிக்குங்க. கிடைக்கலைன்னா ரோட்டோர மரமே போதும், பாசி படிஞ்ச மரமாப் பாத்து நில்லுங்க. கண் மட்டத்துல ஆரம்பிச்சு மெதுவா மேலே போங்க. முதல் பத்து நிமிஷம் பாசியும் பெரணியும்தான் தெரியும். லென்ஸை ஒரு கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்குங்க. அந்தப் பாசிக்குள்ள விழுந்தா, தேடி எடுக்கிறதுக்கு இன்னொரு லென்ஸ் வேணும்.